இடத்து மாடு

மாடு வாங்கச் சந்தைக்குப் போனவன் சைக்கிளோடு திரும்பி வந்தால் வீட்டில் என்ன வரவேற்பு கிடைக்கும் என்று நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. படித்திருந்தால் ஓர் எருமையையாவது பிடித்துக்கொண்டு வந்திருப்பேன்.

எனக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. மாநிலங்கள் பிரிந்து எங்கள் பக்கம் கேரளத்தில் சேர்ந்ததற்கு மறு வருஷம். எங்கள் தோட்டம் வேலந்தாவளத்துக்கு மேற்கே நாலு மைலில் இருந்தது. நிலக்கடலையும் சோளமும் போடுவோம். மீதி நேரத்தில் நான் படிப்பேன். இதை என் மனைவி ஒப்புக்கொள்ளமாட்டாள். நான் படித்த நேரம் போக மீதிதான் கடலைக்கும் சோளத்துக்கும் கிடைத்தது என்பது அவள் கட்சி.

எங்களிடம் ஒரு கூண்டு வண்டியும் ஒரு ஜோடி வெள்ளை மாடும் இருந்தன. நுகத்தில் வலப்பக்கம் பூட்டுவதை வலத்தான் என்றும் இடப்பக்கம் பூட்டுவதை இடத்தான் என்றும் கூப்பிடுவோம். சந்தை நாளன்று காலையில் வண்டி கட்டினால், மூன்றாவது மைலில் சாலையோரம் இருக்கும் மனைவியின் அக்கா வீட்டில் அவளை இறக்கிவிட்டு, நான் மட்டும் வேலந்தாவளம் சந்தைக்குப் போவேன். சாயங்காலம் வரும்போது ஏற்றிக்கொள்வேன். இடைப்பட்ட நேரத்தில் அக்காளும் தங்கையும் கடலை உரித்துக்கொண்டு ஒரு வாரத்துப் பேச்சைப் பேசித் தீர்ப்பார்கள். தீராது. அதற்குத்தான் அடுத்த சந்தை.

இந்தப் பயணத்தில் எனக்கு ஒரு வேலையும் கிடையாது. மாடுகளுக்கு வழி தெரியும். கயிற்றை மடியில் போட்டுக்கொண்டு நான் புத்தகத்தைத் திறந்துவிடுவேன். புளியமரத் திருப்பத்தில் வண்டி தானாகத் திரும்பும். அந்தத் திருப்பத்தில் மாடுகளின் கழுத்து மணி கேட்டதுமே அக்கா அடுப்பில் காப்பியை வைத்துவிடுவார். வண்டி வாசலில் தானாக நிற்கும். பின்னால் இருந்து மனைவி இறங்கினாள் என்பது எனக்கு வண்டி லேசாக எழும்புவதில் இருந்து தெரியும். திரும்பிப் பார்க்கும் வேலையைக்கூட அந்த மாடுகள் எனக்கு மிச்சம் பிடித்துத் தந்திருந்தன.

சித்திரை முதல் வாரத்தில் இடத்தான் செத்துப்போனது. இரண்டு நாள் தீனி எடுக்கவில்லை, மூன்றாம் நாள் எழுந்திருக்கவில்லை. மனைவி அதன் கழுத்து மணியைக் கழற்றிச் சாம்பல் போட்டுத் துலக்கிக் கட்டுத்தறி ஆணியில் மாட்டிவைத்தாள். வண்டி கொட்டகைக்குள் மூக்கைத் தரையில் குத்திக்கொண்டு நின்றது. அந்தச் சாலையில் அப்போது பஸ் இல்லை. பக்கத்துத் தோட்டத்து வண்டியில் மனைவியைப் போகச் சொன்னேன். "அவிங்க எறக்கிவிடற நேரத்துக்கு எறங்கி, ஏத்தற நேரத்துக்கு ஏறோணும். அதுக்கு நா ஒரு மூட்டையாப் போயிருவேன்" என்றாள். அக்காவுக்கு மூட்டுவலி; அவரால் வர முடியாது. ஒரு சந்தை போயிற்று, இரண்டு போயிற்று. சந்தை நாள் காலையில் மட்டும் மனைவி வாசலை இரண்டு தடவை பெருக்கினாள்.

ஆகவே நான் இடத்து மாடு தேடினேன். ஐந்து சந்தை தேடினேன். சந்தையில் எனக்குப் பழக்கமான தரகர் ஒரு ராவுத்தர். பாலக்காட்டுப் பக்கத்தில் இருந்து வருவார். வெள்ளைத் தாடி, சலவைச் சட்டை, தோளில் எப்போதும் ஒரு பச்சைத் துண்டு. அவர் காட்டிய மாடுகளில் உயரம் ஒத்து வந்தால் கொம்பு ஒத்து வரவில்லை. கொம்பு ஒத்து வந்தால் சுழி சரியில்லை.

"சுழியில எல்லாம் எனக்கு நம்பிக்கை இல்லீங்க ராவுத்தரே" என்றேன், படித்தவன் என்பதால்.

"உங்களுக்கு இல்லை, சரி. ஊட்டுல கட்டுத்தறியப் பாத்துக்கறவங்களுக்கு?"

நான் பேச்சை மாற்றினேன். அவருக்குப் பக்கத்தில் வேப்பமரத்தில் அவருடைய சைக்கிள் சாய்ந்திருந்தது. கறுப்பு வண்டி, உயரமான சட்டம், பின்னால் அகலமான கேரியர். "இது எப்படீங்க, நல்லா ஓடுதுங்களா?" என்றேன். சும்மா கேட்டதுதான். ஆனால் சந்தையில் சும்மா கேட்பது என்று ஒன்று கிடையாது. கேட்ட கேள்வியைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் முடியாது.

"அது நல்லா ஓடுது. எனக்குத்தான் முட்டி ஒத்துழைக்கலை. கை குடுங்க" என்று பச்சைத் துண்டைத் தோளில் இருந்து எடுத்து என் கைமேல் போட்டார்.

சந்தையில் விலையை வாயால் பேசுவதில்லை. துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து அழுத்தித்தான் பேசுவார்கள். அடுத்தவருக்குத் தெரியாது. அவர் என் விரல்களைப் பிடித்தார். நான் அவற்றில் ஒன்றை உருவிக்கொண்டேன். அவர் மறுபடி பிடித்தார். பழக்க தோஷத்தில் நான் எழுந்து சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். மாட்டின் திமிலை அமுக்குவதுபோல் சீட்டை அமுக்கிப் பார்த்தேன். பின்சக்கரத்தைத் தட்டினேன், உதைக்கவில்லை. ஐந்து சந்தையில் நான் பார்த்த உருப்படிகளில் குறை சொல்ல முடியாதது இது ஒன்றுதான் என்று தோன்றியது. துண்டுக்குள் முடிவான தொகையைச் சந்தை மரியாதை கருதி இங்கே சொல்லவில்லை. மனைவிக்கே இன்னும் சொல்லவில்லை.

இனி ஒரு சடங்கு பாக்கி. மாட்டை விற்றவர் அதன் கயிற்றைக் கொடுக்கமாட்டார். அவிழ்த்து மடியில் கட்டிக்கொள்வார். வாங்கினவர் தன் வீட்டில் இருந்து கொண்டுவந்த புதுக்கயிற்றைப் பூட்டி ஓட்டிப் போகவேண்டும். பழைய கயிறு போனால் விற்றவர் கட்டுத்தறியின் ராசியும் கூடப் போய்விடும். இதில் மதம், சாதி, படிப்பு ஒன்றும் குறுக்கே வராது. ராவுத்தர் சைக்கிளை முன்னும் பின்னும் பார்த்தார். கயிறு எதுவும் இல்லை. சற்று யோசித்து, ஹேண்டில் பாரில் இருந்த மணியைத் திருகிக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"நாலு வருசம் எனக்கு முன்னால போயி வழி கேட்ட மணி. தப்பா நெனைக்காதீங்க."

"அது முறைதானுங்களே" என்றேன் நான். எங்கள் இருவருக்குமே அது விசித்திரமாகப் படவில்லை. அதோடு விட்டேனா? மாட்டுக்கென்று இடுப்பில் சுற்றிக்கொண்டு போயிருந்த புதுக்கயிற்றை ஹேண்டில் பாரில் கட்டினேன். அங்கேயே ஏறி ஓட்டத் தைரியம் இல்லாததால் நாலு மைலும் அதைத் தள்ளிக்கொண்டே வந்தேன். தூரத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு நான் மெலிந்த மாட்டைப் பிடித்துக்கொண்டு வருவதாகத்தான் தெரிந்திருக்கும்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் எனக்கு மச்சான் முறை. வரப்பில் நின்றவர் என்னைப் பார்த்து மண்வெட்டியை ஊன்றிக்கொண்டார். ரொம்ப நேரம் பார்க்கப் போகிறார் என்று அர்த்தம்.

"ஏன் மச்சான், தீனிச் செலவு மிச்சமாட்ட இருக்குது?"

"ஆமா மச்சான்."

"சாணி கெடைக்காதே, அதுக்கு என்ன பண்ணுவீங்க?"

வீட்டு வாசலில் மனைவி ஒரு சொம்புத் தண்ணீரும் மஞ்சள் குங்குமமும் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள், புதுமாட்டை வரவேற்க.

"ஏனுங்க, மாடு எங்கீங்க?"

நான் கயிற்றைக் காட்டினேன். அவள் கயிற்றைப் பார்த்தாள். கயிறு போய்ச் சேர்ந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு சொம்பை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டாள். உள்ளே இருந்து குரல் மட்டும் வந்தது.

"இதுல யாரு போறதுங்க?"

"நாம ரெண்டு பேரும்தான். பின்னால கேரியர் இருக்குது பாரு. சந்தை நாளுக்கு உங்க அக்கா ஊட்டுல உன்னை எறக்கி விட்டுட்டு..."

"நானு கேரியர்ல ஒருக்கா ஒக்காந்துட்டேனுங்க. போதும்."

இந்த இடத்தில் பழைய கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எனக்குப் பெருமை தரும் கதையல்ல.

கல்யாணமான மூன்றாம் மாதம் அக்கா எங்களை விருந்துக்குக் கூப்பிட்டிருந்தார். நான் அப்போதுதான் கோயமுத்தூரில் படிப்பை முடித்து வந்திருந்தேன். வண்டியில் போவது பழைய பழக்கம் என்று, வாடகைக்கு ஒரு சைக்கிள் எடுத்து, பட்டுச்சேலை கட்டிய மனைவியைக் கேரியரில் உட்காரவைத்துப் புறப்பட்டேன். புது மனைவியிடம் என்ன பேசுவது என்று தெரியாமல், பரீட்சைக்குப் படித்ததில் நினைவில் மிச்சம் இருந்ததைப் பேசினேன். எதை மேலே போட்டாலும் ஏன் கீழே விழுகிறது, பூமி அதை எப்படி இழுக்கிறது என்று விளக்கிக்கொண்டே மிதித்தேன். அக்கா வீட்டுக்கு அரை பர்லாங்கு முன்னால் சாலையைக் குறுக்கே வெட்டி ஒரு வாய்க்கால் போகும். அதன் மேட்டில் சைக்கிள் ஒரு குதி குதித்தது. நான் விளக்கிக்கொண்டிருந்ததை என் மனைவி அந்த நிமிஷம் செய்தே காட்டிவிட்டாள். நான்தான் பார்க்கவில்லை.

பேசிக்கொண்டே அக்கா வீட்டு வாசலில் போய் இறங்கினேன். ஆரத்தித் தட்டோடு நின்றிருந்த அக்கா என்னைப் பார்த்தார், கேரியரைப் பார்த்தார்.

"எங்க அம்மிணி எங்கீங்க மாப்பிள்ளை?"

அம்மிணி வாய்க்காலில் இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தாள். அழவில்லை. அடிபடவும் இல்லை. ஆனால் அன்றைக்கு அவள் சொன்ன ஒரு வாக்கியத்தை அதற்குப் பின் வருஷத்துக்கு இரண்டு தடவையாவது கேட்டிருக்கிறேன். "உளுந்தது ஒண்ணும் பெருசில்லீங்க. நீங்க பேசீட்டே போயிட்டீங்க."

அதன்பிறகு நான் சைக்கிளைத் தொடவில்லை. மாடுகள் வந்தன, வண்டி வந்தது. பின்னால் இருப்பவரைப் பற்றிக் கவலையில்லாமல் இருபது வருஷம் படித்தேன்.

சரி. நாற்பத்து மூன்று வயதில் மறுபடியும் ஆரம்பித்தேன். ஒரு தடவை கற்ற சைக்கிள் மறக்காது என்று ஒரு பத்திரிகையில் போட்டிருந்தார்கள். எழுதியவருக்குத் தொப்பை இருந்திருக்காது. இடது காலைப் பெடலில் வைத்து, வலது காலால் மூன்று தத்துத் தத்தி, பிறகு அதைப் பின்னால் வீசிப் போடவேண்டும் என்பது எனக்கு வரி பிசகாமல் நினைவிருந்தது. கால்தான் அதைப் படித்திருக்கவில்லை. பாதி உயரத்தில் அது ஒரு யோசனையில் நின்றுவிடும். அதற்குள் சைக்கிள் தன் யோசனைப்படி போய்விடும். களத்தைச் சுற்றிப் பழகினேன். களத்தின் ஒரு மூலையில் சோளத்தட்டுப் போர் இருந்ததால் விழுவதற்கு நல்ல இடம் பார்த்து விழ முடிந்தது. இரண்டாம் நாள் வேட்டி செயினில் மாட்டி ஒரு முழம் கிழிந்தது. மூன்றாம் நாள் மனைவி ஒரு பழைய துணிப்பட்டியைத் திண்டாட்டத்தில் இருந்த என்னிடம் நீட்டி, "கணுக்காலோட சேத்துக் கட்டிக்குங்க. கிழியற வேட்டியெல்லாம் நாந்தான தைக்கோணும்" என்றாள். இதை நான் ஒரு முன்னேற்றமாக எடுத்துக்கொண்டேன்.

வலத்தான் கட்டுத்தறியில் படுத்து அசைபோட்டபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. ஜோடி போனதில் இருந்து அது சரியாகத் தீனி எடுக்காமல் இருந்தது. நான் பழகிய நாட்களில் கொஞ்சம் கூடுதலாகத் தின்றது என்று மனைவி சொன்னாள். வேடிக்கை பார்த்தால் எனக்கும் பசிக்கத்தான் செய்யும்.

இரண்டு வாரத்தில் சாலைக்கு வந்துவிட்டேன். அங்கேதான் மணி இல்லாத குறை தெரிந்தது. "வழி! வழி!" என்று கத்திக்கொண்டே போனேன். ஒருநாள் எனக்கு முன்னால் ஓர் அம்மாள் தலையில் சோளத்தட்டுக் கட்டோடு போய்க்கொண்டிருந்தார். சாலையில் பாதி அகலத்துக்குக் கட்டு. நான் கத்தினேன். யாரோ கூப்பிடுகிறார்கள் என்று அவர் நின்று மரியாதையாகத் திரும்பினார். கட்டும் அவரோடு திரும்பியது. என்னை அப்படியே சாலையில் இருந்து துடைத்து வேலியில் போட்டது.

முள் எடுக்கும்போது மனைவி, "ஒரு மணி வாங்கித் தொலைங்க" என்றாள். மணி வாங்கப் பாலக்காட்டுக்குப் போகவேண்டும். கட்டுத்தறி ஆணியில் ஒரு வெண்கல மணி சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்தேன். அவள் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவள், என் முழங்கையைப் பார்த்துவிட்டு, "கெட்டியாக் கட்டுங்க. தொலைச்சுராதீங்க" என்று மட்டும் சொன்னாள். ஹேண்டில் பாருக்குக் கீழே கயிற்றால் கட்டினேன். நான் அடிக்கவே வேண்டியதில்லை. சாலையில் இருந்த ஒவ்வொரு கல்லும் அதை அடித்துத் தந்தது.

அடுத்த சந்தை நாள் தனியாகப் புறப்பட்டேன். ஆனி பிறந்துவிட்டது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கில் இருந்து வீச ஆரம்பித்திருந்தது. எங்கள் பக்கத்தில் அந்தக் காற்றுக்கு முதுகைக் காட்டினால் மூட்டைகூட ஓடும். பெடலைத் தொடாமலே சைக்கிள் பறந்தது. இருபது வயதில்கூட இவ்வளவு வேகமாக ஓட்டியதில்லை என்று நினைத்து நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். திரும்பி வரும்போது அதே காற்று எதிரே நிற்கும் என்பது அப்போது ஞாபகம் வரவில்லை.

இரண்டு பர்லாங்கு போயிருப்பேன். பின்னால் தடதடவென்று சத்தம். வலத்தான். முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு, அது கயிற்று நுனியில் தரையில் துள்ளித் துள்ளி வர, வாலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தது. துரத்துகிறது என்று நினைத்து மிதித்தேன். அது என்னை முட்டவில்லை. முந்தவும் இல்லை. என் வலப்பக்கம் வந்து, மணிக்கு நேராகத் தலையை வைத்துக்கொண்டு, ஓட்டத்தைக் குறைத்து, என் வேகத்துக்குத் தன் வேகத்தைப் பொருத்திக்கொண்டது. இடப்பக்கம் மணிச்சத்தம் கேட்டால் அதன் பக்கத்தில் நடக்கவேண்டும் என்பது பத்து வருஷமாக அதன் வேலை. நான் மெதுவாகப் போனால் அதுவும் மெதுவாக வந்தது. நின்றால் நின்றது. என்னை ஒரு தடவை மோந்து பார்த்துப் பெருமூச்சு விட்டது. பழைய ஜோடி அளவுக்கு இல்லை, ஆனால் பரவாயில்லை என்பதுபோல.

மச்சான் வேலியோரம் நின்றிருந்தார். அவருக்கு வேறு வேலையே இருப்பதில்லை.

"ஏன் மச்சான்! எடத்து மாடு கெடைக்கலீன்னு நீங்களே பூட்டிக்கிட்டீங்களாட்ட இருக்குது!"

மணியை ஒரு தடவை ஆட்டிவிட்டுப் போனேன். உண்மையைச் சொன்னவருக்கு என்ன பதில் சொல்வது?

புளியமரத் திருப்பத்தில் திரும்பினோம். சைக்கிளை நான் திருப்பினேனா வலத்தான் திருப்பியதா என்று உறுதியாகச் சொல்லமாட்டேன். அக்கா வீட்டு வாசலில் அது நின்றுவிட்டது. ஆகவே நானும் நின்றேன். உள்ளே இருந்து அக்கா முட்டியைப் பிடித்துக்கொண்டு, முடிந்த வேகத்தில் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. ஒவ்வொரு கையிலும் ஒரு டம்ளர். இரண்டிலும் ஆற்றிய காப்பி. என்னைப் பார்த்தார். வலத்தானைப் பார்த்தார். கேரியரைப் பார்த்தார்.

"எங்க அம்மிணி எங்கீங்க மாப்பிள்ளை?"

அதே வாசல். அதே கேள்வி. இருபது வருஷத்துக்கு முன் கேட்டபோதாவது போய்த் தேட ஒரு வாய்க்கால் இருந்தது.

"ஊட்டுல இருக்குதுங்க. அடுத்த சந்தைக்கு வரும்" என்றேன்.

"மணி கேட்டுச்சுங்க. அம்மிணியும் வந்துட்டாள்னு காப்பி வெச்சுட்டேன்" என்றார் அக்கா. ஒரு டம்ளரை என்னிடம் கொடுத்தார். இன்னொன்றைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். குடிக்கவில்லை. உள்ளே கொண்டுபோகவும் இல்லை.

சந்தை வாசலில் மாட்டுக்குச் சுங்கச் சீட்டுப் போடுகிறவர் பாலக்காட்டுக்காரர். மாட்டைக் காட்டி, "எந்தா, காளயெ விக்கானோ?" என்று கேட்டார்.

"விக்கறதுக்கு இல்லீங்க."

"பின்னே எந்தினு கொண்டு வந்நு?"

"நான் கொண்டு வரலீங்க. அதா வந்துச்சு."

அவர் சைக்கிளையும் மணியையும் மாட்டையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் எதற்கும் சீட்டுப் போடாமல் என்னை உள்ளே விட்டார். எனக்காகப் பரிதாபப்பட்டார் என்று நினைக்கிறேன். உள்ளே ராவுத்தர் என்னைப் பார்த்துவிட்டு எழுந்தே வந்தார். மணியைத் தொட்டுப் பார்த்தார். "ஜோடி நல்லாச் சேந்துருக்கு" என்றார். எந்த ஜோடியை என்று நான் கேட்கவில்லை.

எதிர்க்காற்றில் திரும்பி வந்து சேர்ந்தபோது எனக்கு நாக்கு வெளியே தொங்கியது, வலத்தானுக்கு இல்லை. மனைவிக்கு நான் சொல்வதற்கு முன்பே மச்சான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தார். அவள் சிரித்துச் சிரித்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வலத்தானுக்குத் தண்ணீர் காட்டினாள். எனக்கும் கொடுத்தாள், அதற்குப் பிறகு. மச்சானுக்குத் தெரியாத ஒன்று என்னிடம் பாக்கி இருந்தது. அதைச் சொன்னேன்.

"உங்க அக்கா ரெண்டு டம்ளர் காப்பியோட வந்தாங்க. மணி கேட்டு, நீயும் வந்துட்டேன்னு நெனச்சுட்டாங்க."

சிரிப்பு நின்றது.

"ரெண்டையும் நீங்களே குடிச்சீங்களா?"

"ஒண்ணத்தான் குடுத்தாங்க. இன்னொண்ணக் கையில வெச்சுட்டே நின்னாங்க."

அவள் வலத்தானின் கழுத்தை வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தாள். நான் எதையும் விளக்கப் போகவில்லை. என் கணக்கில் அது ஒரு சாதனை.

அடுத்த சந்தை நாள் காலையில் வாசல் ஒரு தடவைதான் பெருக்கப்பட்டது. நான் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். மனைவி நல்ல சேலை கட்டி, அக்காவுக்குக் கொடுக்க ஒரு பையில் கடலையோடு வந்து நின்றாள். ஒரு கையில் வலத்தானின் கயிறு.

"இதும் வருமுங்க. வரட்டும். நீங்க என்னைய உட்டுட்டுப் போனாலும் இது நிக்கும்."

"சரி."

"வாய்க்கா மேட்டுல நானு எறங்கி நடந்து வருவேன்."

"சரி."

"போறப்ப ஒண்ணும் வெளக்காதீங்க."

"சரி."

எங்கள் பக்கத்தில் பெண்கள் கேரியரில் உட்கார்ந்தால் காலை இடப்பக்கம் தொங்கவிடுவார்கள். அவள் வலப்பக்கம், மாட்டைப் பார்த்து உட்கார்ந்தாள். ஒரு கை சீட்டின் கம்பியில், ஒரு கையில் கயிறு, மடியில் கடலை. எனக்குக் கிடைத்தது அவள் முதுகுகூட இல்லை, தோள் மட்டும். நான் தத்தி ஏறவில்லை; வாசல் மண்மேட்டை ஒட்டி நிறுத்தி ஏறிக்கொண்டுதான் அவளை உட்காரவைத்தேன். சைக்கிள் இரண்டு தடவை வேலிப் பக்கம் போக ஆசைப்பட்டது. பிறகு காற்று பின்னால் வந்து பிடித்துக்கொண்டது. மணி அடித்தது. வலத்தான் பக்கத்தில் வந்து சேர்ந்துகொண்டது.

இருபது வருஷமாக நான் ஓட்டியது வண்டியே இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சைக்கிளில் படிக்க முடியாது. முன்னால் பார்க்கவேண்டும், பின்னால் இருப்பவள் இருக்கிறாளா என்று வேறு தெரிந்துகொள்ள வேண்டும். திரும்பினால் விழுந்துவிடுவேன். ஆகவே வாயைத்தான் நம்பவேண்டி வந்தது.

"இருக்கியா?"

"இருக்கேனுங்க."

பத்துப் பனைமரம் தாண்டினோம்.

"இருக்கியா?"

"இருக்கேன், இருக்கேன். ரோட்டப் பாருங்க."

மச்சான் வேலியோரம் நின்று கையெடுத்துக் கும்பிட்டார். "சாமி ஊர்வலமாட்ட இருக்குது" என்றார். மனைவி, "தட்டுல காசு போடுங்கண்ணா" என்று சொல்லிவிட்டாள். அந்த மனிதர் தன்னையறியாமல் மடியைத் தடவிப் பார்த்தார்.

புளியமரத் திருப்பம் திரும்பினோம். வாய்க்கால் மேடு தெரிந்தது. அங்கே நிறுத்த வேண்டும், அவள் இறங்குவாள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே போனேன். மேட்டுக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருந்தது.

"இருக்கியா?"

பதில் இல்லை.

காலை ஊன்றிவிட்டேன். எப்படி ஊன்றினேன் என்று தெரியாது. செருப்பு ஒன்று கழன்று போயிற்று. திரும்பிப் பார்த்தேன். கேரியர் காலி.

அவள் சாலை நடுவில் நின்றிருந்தாள், முழுசாக, நனையாமல், கடலைப் பையோடு. கயிற்றை இழுத்துப் பிடித்திருந்தாள். மணி போன பக்கம் போகத் துடித்த வலத்தான் அவளைக் குற்றம் சாட்டுவதுபோல் பார்த்துக்கொண்டிருந்தது. விழவில்லை. மெதுவாகப் போன நேரம் பார்த்து வேண்டுமென்றே இறங்கி நின்றிருக்கிறாள்.

என்னை நோக்கி நடந்து வந்தாள். தூரத்தை அடிமேல் அடி வைத்து அளந்துகொண்டே வந்தாள்.

"பத்தடி" என்றாள். "அன்னிக்கி அரை பர்லாங்கு."

பதில் வராததால் நின்றேனா, சைக்கிள் லேசானதால் நின்றேனா, பக்கத்தில் குளம்புச் சத்தம் நின்றதால் நின்றேனா என்று எனக்கே சரியாகத் தெரியாது. அவளும் கேட்கவில்லை. நானும் விளக்கவில்லை. விளக்கக்கூடாது என்பதுதான் ஒப்பந்தம்.

கழன்ற செருப்பை எடுத்து என் காலருகே போட்டாள். பிறகு மறுபடியும் கேரியரில் ஏறி உட்கார்ந்தாள்.

"வாய்க்கா மேட்டுல எறங்கறேன்னியே?" என்றேன்.

"ஓட்டுங்க" என்றாள். "காப்பி ஆறிப்போயிரும். மணி எப்பவோ கேட்டிருக்கும்."